தெட்ஃபோர்டு மண்மேடு: போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில், தெட்ஃபோர்டு ஊருக்குள்ளேயே புல் மூடிய மேடு ஒன்று எழுந்து நிற்கிறது. உயரம் 20 மீட்டருக்கும் மேல். ஏறிப் போனால் உச்சியில் ஒரு சுவர்கூட இருக்காது. அங்கே நின்றுகொண்டு கோட்டையைத் தேடுவதுதான் முதல் தவறு. காலடியில் இருக்கும் மண்தான் கோட்டை.

1066-இல், பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தை வென்றார்கள். பிடித்த ஊரை அடக்கி வைக்க அவசரமாகக் கோட்டை வேண்டும். கல் கட்டடத்துக்கு வருடக்கணக்கில் ஆகும். அதனால் சுற்றிலும் அகழி வெட்டினார்கள், வெட்டிய மண்ணை நடுவில் குவித்தார்கள், மேலே மரக்கோபுரம் எழுப்பினார்கள். தெட்ஃபோர்டும் அப்படி வந்ததுதான். 1173-இல் பிரபுக்களின் கலகம் வெடித்தபோது மன்னர் இரண்டாம் ஹென்றி இந்தக் கோட்டையை அழித்தார். மேடு மட்டும் தப்பியது.

சரி, எல்லா மண்ணும் நார்மன்கள் போட்டதா? அப்படி நினைப்பது அடுத்த தவறு. மேட்டைச் சுற்றியுள்ள கரைகள் இரும்புக்காலக் கோட்டையுடையவை; நார்மன்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியவை. இருந்ததை அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். இங்கிலாந்திலேயே வில்ட்ஷயர் பகுதியில் இருக்கும் மார்ல்பரோ மேட்டின் கதை இன்னும் வியப்பானது. அது நார்மன் காலத்து மேடு என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். உள்ளே துளையிட்டு எடுத்த கரித்துண்டுகளைச் சோதித்தபோது, அது கி.மு. 2400 வாக்கில் எழுப்பப்பட்டது என்று 2011-இல் தெரியவந்தது.

வெறும் மண்தானே என்று தோண்டுவது இருப்பதிலேயே பெரிய தவறு. தெட்ஃபோர்டு மேட்டுக்குள் தேவாலயத்தின் வெள்ளி மணிகள் புதைந்திருப்பதாக ஊரில் ஒரு கதை உண்டு. கதையாகக் கேட்க அழகுதான். ஆனால் இத்தகைய மேடுகளில் தொல்லியலாளர்கள் தேடுவது வேறு. மேட்டின் அடியில் பழைய நிலம் அப்படியே அமுங்கிக் கிடக்கும். அதிலுள்ள மகரந்தத்தை வைத்து, கோட்டை வருவதற்கு முன் அங்கே வயல் இருந்ததா, காடு இருந்ததா என்று சொல்லிவிடலாம். ஒரு நாணயத்தைப் பிடுங்கி எடுத்தால் அது எந்த அடுக்கில் கிடந்தது என்பது போய்விடும். அப்புறம் அதை யாராலும் திருப்பி வைக்க முடியாது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் அனுமதியின்றி உலோகம் தேடும் கருவியைப் பயன்படுத்துவதே 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; எதுவும் கிடைக்காவிட்டாலும் குற்றம்தான்.

ஏறுவதற்கு மரப்படிகள் இருக்கின்றன. சரிவில் குறுக்கே ஏறாதீர்கள். புல் தேய்ந்த தடத்தில் மழைநீர் ஓடி மண்ணை அரித்துவிடும். ஏறுவதற்கு முன் அகழிக்குள் கொஞ்ச நேரம் நின்று மேலே பாருங்கள். அவ்வளவு மண்ணையும் மனிதர்கள் கையால் வெட்டிச் சுமந்தார்கள் என்பது அங்கிருந்துதான் உறைக்கும்.