பிரெஞ்சு சீரியல் பார்த்துக் காதைப் பழக்குவது எப்படி?

பிரெஞ்சு மொழியில் ஏ2 தேர்வு (ஏ1-க்கு அடுத்த தொடக்க நிலை) முடிந்த கையோடு 'டி பூர் சான்' என்ற பிரெஞ்சு சீரியலைப் போட்டேன். முதல் பத்து நிமிடத்தில் ஒரு முழு வாக்கியம்கூடக் காதில் நிற்கவில்லை. அப்புறம் எனக்குக் கைகொடுத்த வழி இது.

1. பிரெஞ்சிலேயே எடுத்த தொடரைத் தேர்ந்தெடுங்கள். டப்பிங் வேண்டவே வேண்டாம். டப்பிங் வசனத்தை வாயசைவுக்கு ஏற்ப எழுதுவார்கள், சப்டைட்டிலைத் தனியாக மொழிபெயர்ப்பார்கள். காதில் ஒன்று விழும், திரையில் வேறொன்று ஓடும். நான் இரண்டு வாரம் இதில்தான் மாட்டிக்கொண்டேன்.

தொடங்குவதற்கு என் தேர்வு 'அன் கா, யுன் ஃபீய்'. 1999 முதல் 2003 வரை பிரான்ஸ் 2 சேனலில் வந்த காமெடி. ழான் துழார்தானும் அலெக்ஸாந்திரா லாமியும் ஜோடி. எபிசோடு பத்து நிமிடம்கூட இருக்காது, பேச்செல்லாம் வீட்டுப் பேச்சு.

2. சப்டைட்டிலையும் பிரெஞ்சிலேயே வையுங்கள்.

3. இரண்டு நிமிடக் காட்சி போதும். முதலில் சப்டைட்டில் இல்லாமல் கேளுங்கள், பிறகு படித்துக்கொண்டே கேளுங்கள், மறுபடி இல்லாமல் கேளுங்கள். வேகத்தை 0.75 ஆக்கலாம், அதற்கும் கீழே போனால் ஒலி இழுபடும். சொல்லைத் தொட்டால் அர்த்தம் காட்டும் கருவிகளைவிட எனக்கு நோட்டும் பேனாவும்தான் பிடிக்கும். கையால் எழுதிய சொல் மறப்பதில்லை.

4. எனக்குக் கண் திறந்தது இங்கேதான். பாடப்புத்தகத்தில் 'தெரியாது' என்பதற்கு 'ழெ ந செ பா' என்று நான்கு சொல் இருக்கும். சீரியலில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. 'ந' போய்விடும், மிச்சம் ஒட்டிக்கொண்டு 'ஷெ பா' ஆகிவிடும். 'ழெ சுயி' (நான் இருக்கிறேன்) என்பது 'ஷுயி', 'ஈல் ஈ ஆ' (இருக்கிறது) என்பது வெறும் 'யா'. நாமும் 'தெரியவில்லை' என்று எழுதிவிட்டு 'தெரில' என்றுதானே பேசுகிறோம்! நோட்டில் இரண்டு பத்தி போட்டு, எழுத்து வடிவத்தை இடப்பக்கமும் பேச்சு வடிவத்தை வலப்பக்கமும் எழுதுங்கள். முப்பது ஜோடி சேர்ந்ததும் காது தெளிந்துவிட்டது.

5. இப்போது 'டி பூர் சான்' பாருங்கள். 2015 முதல் 2020 வரை நான்கு சீசன், 24 எபிசோடு. நடிகர்களின் ஏஜென்ட்கள் வாங்கும் பத்து சதவீதக் கமிஷன்தான் தலைப்பு. யார் யாரை 'து' என்கிறார், எப்போது 'வூ'வுக்கு மாறுகிறார் என்று கவனியுங்கள். நம் நீ, நீங்கள் போலத்தான்.

6. டாக் ஷோ கடைசியில். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவதைத் தொடக்கத்திலேயே கேட்டால் சோர்ந்துபோவீர்கள். பிரான்ஸ் 5-இல் 2008 முதல் வரும் புத்தக நிகழ்ச்சி 'லா கிராந்த் லிப்ரேரி' நிதானமானது. அதுவும் கடினமென்றால் டிவி5மோந்த் என்ற பிரெஞ்சு சேனலின் பிரெஞ்சு கற்கும் தளத்தில் ஏ1 முதல் பி2 வரை பயிற்சியோடு வீடியோக்கள் இலவசம்.

பின்சேர்க்கை: 'அன் கா, யுன் ஃபீய்' பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் பார்த்தது கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தில் எடுத்த மூலத் தொடர். அதுதான் முதலில் வந்தது, 1997-இல். அங்கே 'து' என்பது 'ட்சு' என ஒலிக்கும். கேள்வி கேட்க வினைச்சொல்லுக்குப் பின்னால் அதே 'ட்சு'வை ஒட்டுவார்கள், நம் 'நல்லாருக்கா'வில் வரும் 'ஆ' மாதிரி. எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடிக்கும், ஆனால் முதலில் பிரான்ஸ் பேச்சைப் பழகி முடியுங்கள். ஜோடி கி லெபாஜும் சில்வி லெயொனாரும் என்றால் அது கியூபெக் தொடர்.