ஊட்டி வீட்டைப் பூட்டும் முன் குழாய்த் தண்ணீரை வடித்துவிடுங்கள்

வீடு ஊட்டியில், பிழைப்பு கோயம்புத்தூரில் என்று இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நவம்பரில் நீர்ப்பனி, அப்புறம் உறைபனி, பிப்ரவரி வரை விட்டு விட்டு விழும். வீட்டைப் பூட்டும்போது கேஸை மூடுவோம், ஃப்ரிட்ஜைத் துடைத்துத் திறந்து வைப்போம், குழாயை மட்டும் மறந்துவிடுவோம். நானும் ஒரு வருஷம் அப்படித்தான் மறந்தேன்.

மாடி டேங்கிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு எல்போ, அதாவது குழாய் திரும்பும் இடத்தில் மாட்டும் வளைந்த இணைப்பு, விரிசல் விட்டிருந்தது. நகம்கூட நுழையாத மெல்லிய கீறல்தான். விடியற்காலையில் உள்ளே இருந்த பனிக்கட்டியே அடைப்பாகி ஒரு சொட்டும் ஒழுகவில்லை, ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் பீய்ச்ச ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா பார்த்து போன் செய்வதற்குள் டேங்க் காலி, நகராட்சித் தண்ணீர் வந்து மறுபடி நிரம்பி அதுவும் காலி. எல்போ சில்லறைக் காசு. சுவர் காய மார்ச் ஆனது.

போனில் 3 டிகிரி என்றுதானே காட்டுகிறது, எப்படி உறையும் என்று கேட்பீர்கள். மேகமில்லாத ராத்திரியில் வானத்தைப் பார்த்துக் கிடக்கும் பொருள் தன் சூட்டை விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துவிடும், அதனால்தான் காற்றில் 3 டிகிரி இருக்கும்போதே புல் வெளுத்திருக்கிறது. குளிர்காற்று பள்ளத்தில் போய்த் தேங்கும். காந்தல், தலைகுந்தா, ரேஸ் கோர்ஸ் பக்கமோ கொடைக்கானலில் ஏரியை ஒட்டியோ வீடு இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், குன்னூரில் இவ்வளவு பயமில்லை. நம் ஊரில் சுவருக்குள் போகும் குழாய் உறைவது அபூர்வம். மாட்டிக்கொள்வதெல்லாம் மாடியில், வெளிச்சுவரில், தோட்டத்தில் கிடப்பவைதான்.

தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் அளவுக்குப் பெருகும். பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே மாட்டிய தண்ணீர் போக்கிடம் இல்லாமல் அழுத்தித்தான் உடைக்கிறது. அதனால் வேலை ஒன்றுதான்: உள்ளே வரும் தண்ணீரை நிறுத்து, இருப்பதை வெளியே விடு.

முதலில் மீட்டர் பக்கத்து வால்வை மூடுங்கள். இதை விட்டுவிட்டு டேங்கைக் காலி செய்தால் மிதவை வால்வு திறந்து நிரப்பிக்கொண்டே இருக்கும். பிறகு முற்றத்தில், டேங்குக்குப் போகாமல் மீட்டரிலிருந்து நேரடியாக வரும் லைனில் இருக்கும் குழாயைத் திறந்தால் டேங்குக்கு ஏறும் குழாயில் நிற்பது இறங்கிவிடும். மோட்டார் இருந்தால் சுவிட்சை அணைத்துவிட்டு, பம்பின் அடியில் இருக்கும் சின்னத் திருகைக் கழற்றி வடியுங்கள். பம்பின் வார்ப்பிரும்பு விரிசல் விட்டால் ஒட்டவெல்லாம் முடியாது.

டேங்கை முழுதாகக் காலி செய்வதா என்றால், ஒரு வாரப் பயணத்துக்கு வேண்டாம். அவ்வளவு தண்ணீர் ஒரு ராத்திரியில் உறையாது, கீழே இறங்கும் வால்வை மூடி அதைச் சாக்கால் சுற்றிக் கட்டினால் போதும். மாதக்கணக்கில் போகிறீர்கள் என்றால் காலி செய்துவிட்டு அந்த வால்வைப் பாதி திறந்து வையுங்கள். கைப்பிடியைக் கால் சுற்று திருப்பும் பால் வால்வை முழுக்க மூடினால் உள்ளே உருண்டைக்குள் கொஞ்சம் தண்ணீர் சிக்கிக்கொள்ளும், அதுவே வால்வைப் பிளக்கப் போதும். காலி டேங்கைக் காற்று தள்ளாமல் கட்டி வைக்கவும் மறக்காதீர்கள்.

இனி வீட்டுக் குழாய்கள். மேலே உள்ளதைத் திறந்துவிட்டுக் கீழே உள்ளதைத் திறங்கள், காற்று நுழைந்தால்தான் தண்ணீர் இறங்கும். கீழ்க்குழாய் ஓடும்போது மேல்குழாயின் வாயில் கட்டைவிரலை வைத்துப் பாருங்கள், உள்ளே இழுத்தால் இன்னும் வடிகிறது என்று அர்த்தம். நின்றபின் எல்லாவற்றையும் திறந்தபடியே விட்டுவிடுங்கள். வாஷ்பேசின் அடி வளைவில் நிற்கும் தண்ணீரைத் தொட வேண்டாம், சாக்கடை நாற்றத்தைத் தடுப்பது அதுதான்.

கீஸரை வடித்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சுவிட்சின் மேல் ‘தண்ணீர் இல்லை’ என்று எழுதி ஒட்டுங்கள். ஊரிலிருந்து வருகிற தம்பி குளிருக்கு நேராக அதில்தான் கை வைப்பான். சோலார் ஹீட்டரில் தட்டையான பலகை வகைதான் முதலில் போகும், அதன் செப்புக் குழாய்கள் ராத்திரி முழுக்க வானத்தைப் பார்த்தே கிடக்கின்றன. அதைக் கட்டாயம் வடியுங்கள். கண்ணாடி டியூப் வகை, உள்ளே வெற்றிடம் இருப்பதால், தாங்கும்.

வடிக்க முடியாத இடத்துக்கு, மீட்டர் உட்பட, ஏசி குழாயில் மாட்டும் கருப்பு ஃபோம் நல்லது. கோணிச் சாக்கும் போதும், ஆனால் மேலே பாலிதீன் சுற்றுங்கள், நனைந்த சாக்கு குளிரைத்தான் பிடித்து வைக்கும். வெளிநாட்டு வீடியோவில் குழாயைச் சொட்டவிடச் சொல்வார்கள், பூட்டிய வீட்டில் அது நடக்காது, இரண்டு நாளில் டேங்க் வற்றிவிடும்.

திரும்பி வரும்போது வெயில் ஏறிய பிறகு, பத்து மணிக்கு மேல் தண்ணீரைத் திறங்கள். வால்வைக் கொஞ்சமாகத் திருப்பி, மாடியிலிருந்து ஒவ்வொரு மூட்டாக விரலால் தடவிக்கொண்டே இறங்கி வாருங்கள். எங்காவது உறைந்திருந்தால் வெதுவெதுப்பான துணியைச் சுற்றுங்கள். கொதிநீர் ஊற்றினாலோ நெருப்பைக் காட்டினாலோ பிளாஸ்டிக் அங்கேயே பிளந்துவிடும்.