மலையிலிருந்து கடலுக்கு: எந்த மாதம், எந்தக் கரை?

ஹட்டன் பக்கம் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் கடல் என்பது வருடத்தில் ஒரு தடவை. வேனுக்குக் காசு சேர்த்து, லீவு எடுத்து, பிள்ளைகளுக்குப் புது உடுப்பு வாங்கி, விடியற்காலை இரண்டு மணிக்குப் புறப்படுகிற பயணம் அது. அந்த ஒரு தடவையும் மழையில் போய்விட்டால் மனசு ஆறாது.

எங்கள் வீட்டில் அப்படி நடந்தது. சில வருடங்களுக்கு முன்பு டிசம்பர் லீவில் திருகோணமலைக்குப் போனோம். மூன்று நாளும் அடைமழை. நிலாவெளியில் கடல் கலங்கிப் போய்ச் சீறிக்கொண்டிருந்தது. மகள் அறை ஜன்னல் வழியாகவே கடலைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினாள். அங்கே உள்ளவர்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். ஆனால் என்ன கேட்க வேண்டும் என்பதே எங்களுக்கு அப்போது தெரியவில்லை. முதல் தடவை குடும்பத்தோடு கடற்கரைக்குப் போக நினைக்கிறவர்களுக்கு அந்தக் குறை வரக்கூடாது என்றுதான் இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: கடலை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

இலங்கை சின்னத் தீவுதான். ஆனாலும் ஒரு கரையில் கடல் கொந்தளிக்கும்போது இன்னொரு கரையில் குளம்போலக் கிடக்கும். அதற்குக் காரணம் நாம் குடியிருக்கிற இந்த மலைதான்.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசுகிறது. அது இந்து சமுத்திரத்தின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மலையின் மேற்குச் சரிவில் மோதி, மேலே ஏறிக் குளிர்ந்து, மழையாகக் கொட்டுகிறது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாட்டிலேயே அதிகமாக மழை விழுவது இந்தச் சரிவுகளில்தான். சில இடங்களில் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றரையும் தாண்டும். மலையைக் கடந்து ஊவாப் பக்கம் இறங்கும்போது அதே காற்றில் ஈரம் மிச்சமில்லை. ஜூலையில் நானுஓயாவில் குடை பிடித்துக்கொண்டு பஸ் ஏறியவர் வெலிமடையில் வெயிலில் இறங்குவது இதனால்தான்.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை எல்லாம் தலைகீழ். வடகீழ் பருவக்காற்று வங்காள விரிகுடாவிலிருந்து வருகிறது. திருகோணமலை, மட்டக்களப்பு, பதுளைப் பக்கம் நனைகிறது. மேற்கும் தெற்கும் காய்கிறது. இடையில் மார்ச், ஏப்ரல் ஒரு மாறுகாலம். ஒக்டோபர், நவம்பர் இன்னொரு மாறுகாலம்.

படி 2: நம் மலையையே காலண்டராக வையுங்கள்

மேலே சொன்ன மாதங்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தேயிலை நமக்கு அதைச் சொல்லித் தருகிறது.

டிம்புள்ள பகுதித் தேயிலைக்கு, அதாவது தலவாக்கலை, ஹட்டன் பக்கத் தேயிலைக்கு, நல்ல வாசம் ஏறுவது ஜனவரியிலிருந்து மார்ச் வரை. ஊவாத் தேயிலைக்கு அந்தக் காலம் ஜூலை முதல் செப்டம்பர் வரை. மழை விட்டு, காய்ந்த காற்று வீசும்போது கொழுந்து மெதுவாக வளர்ந்து தரம் கூடுகிறது. பக்டரியில் வேலை செய்த பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அவர்கள் சொல்வதைக் கடலோடு சேர்த்துப் பாருங்கள். டிம்புள்ளைக்கு நல்ல காலம் என்றால் மேற்குச் சரிவு காய்ந்திருக்கிறது. அப்போது மேற்கு, தெற்குக் கடலுக்குப் போகலாம். ஊவாவுக்கு நல்ல காலம் என்றால் கிழக்குக் கடலுக்குப் போகலாம்.

கோயில் காரியங்களும் இதே கணக்கில்தான் நடக்கின்றன. சிவனொளிபாதமலை சீசன் டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாதம் வெசாக் போயாவோடு முடியும். மஸ்கெலியாவிலிருந்து பார்த்தால் இரவில் மலையில் விளக்கு வரிசை தெரிகிற காலம் முழுவதும் தெற்குக் கடல் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். அதேபோல யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகிற பாத யாத்திரை கிழக்குக் கரை வழியாக, பொத்துவில், உகந்தை என்று வருகிறது. கதிர்காமக் கொடியேற்றத்துக்கு முன்னே வருவதால் அது கிழக்கின் வறண்ட காலத்தில் விழுகிறது.

படி 3: லீவைப் பார்த்துக் கரையை முடிவு செய்யுங்கள்

நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு மாதத்தைத் தெரிவு செய்கிற வசதி இல்லை. பிள்ளைகளுக்கு லீவு எப்போதோ அப்போதுதான் பயணம். ஆகவே மாதத்தை விட்டுவிட்டுக் கரையை மாற்றுங்கள்.

ஆகஸ்ட் லீவு என்றால் யோசிக்கவே வேண்டாம், கிழக்கு. அந்த நேரத்தில் தெற்கில் உள்ள உனவட்டுனவுக்கோ ஹிக்கடுவைக்கோ போனால் அலையைத் தூர நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கும். கிழக்கில் பின்னேரம் ஓர் இடிமழை வந்தாலும் சீக்கிரம் விட்டுவிடும். ஆனால் ஆகஸ்டில் நாடு முழுக்க அந்தப் பக்கம்தான் போகிறது, அறையை முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள்.

ஏப்ரல் புத்தாண்டு லீவு மாறுகாலத்தில் வருகிறது. பெரிய காற்று இல்லாததால் இரண்டு கரையிலும் கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். காலை நல்ல வெயில், பின்னேரம் இடி மின்னலோடு மழை. காலை ஆறு மணிக்கே கடலில் இறங்கி, மதியத்துக்குள் கரையேறி, சாப்பிட்டு, கோயில் குளம் பார்க்கலாம். இடி கேட்டால் தண்ணீரிலோ திறந்த மணலிலோ ஒரு நிமிடமும் நிற்க வேண்டாம்.

டிசம்பர் லீவுக்குத் தெற்கு. மாத முற்பகுதியில் அங்கேயும் மழை மிச்சம் இருக்கலாம், நத்தாருக்குப் பிறகு இன்னும் நல்லது. தைப்பொங்கலை ஒட்டிப் போக முடிந்தால் அதைவிட நல்லது.

தீபாவளியைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் தீபாவளி முற்பணம் கையில் வருகிற நேரம், எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரம், எங்காவது போகலாம் என்று ஆசை வருவது இயல்பு. ஆனால் ஒக்டோபர், நவம்பர்தான் ஆபத்தான மாதங்கள். இரண்டு கரையிலும் மழை. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகிப் புயலாக மாறுவதும் இந்தக் காலத்தில்தான். மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி வந்தது 1978 நவம்பர் 23. கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனது 2014 ஒக்டோபர் 29. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் செய்ததை நாம் கண்ணால் பார்த்தோம். நாம் கடலுக்குப் போவதற்கும் திரும்பி வருவதற்கும் மலைப்பாதையைத்தான் நம்பியிருக்கிறோம். முற்பணத்தில் கொஞ்சம் ஒதுக்கி வைத்து ஜனவரியில் போங்கள், தயவுசெய்து.

படி 4: நீச்சல் தெரியாதவர்களுக்கு ஏற்ற இடத்தைத் தேடுங்கள்

நம் பிள்ளைகளில் அநேகருக்கு நீச்சல் தெரியாது, பெரியவர்களுக்கும்தான். அதனால் அழகைவிட ஆழத்தைப் பாருங்கள்.

கிழக்கில் முதல் தடவைக்கு நான் சொல்வது பாசிக்குடா. கடலுக்குள் வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுத் தண்ணீர்தான். பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கி, இடப்பக்கம் திரும்பி வாழைச்சேனைக்குப் போனால் பக்கம். தமிழில் பேசி, தமிழில் சாப்பாடு கேட்டு வாங்கலாம் என்பது நம் அம்மாமார்களுக்குப் பெரிய நிம்மதி.

கோணேஸ்வரம், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், கடல் மூன்றும் ஒரே பயணத்தில் வேண்டும் என்றால் திருகோணமலை. கண்டி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை வழி. அறுகம்பை அலைச்சறுக்கு விளையாடுகிறவர்களுக்குப் பேர்போனது. சின்னப் பிள்ளைகளோடு போகிற குடும்பத்துக்கு அது முதல் தெரிவு இல்லை.

தெற்கில் மாத்தறைக்குப் பக்கத்தில் பொல்ஹேன நல்லது. பவளப்பாறை அலையைத் தடுத்துக்கொள்வதால் உள்ளே தண்ணீர் அமைதியாக இருக்கும். பண்டாரவளைப் பக்கத்தவர்கள் பெரகல, வெல்லவாய வழியாகத் தெற்குக்கு இறங்கலாம். ஹட்டன் பக்கத்தவர்களுக்குக் கித்துல்கல, அவிசாவளை வழி.

மகா ஓயாப் பக்கமும் ஹபரணைக்கு அப்பாலும் யானை நடமாட்டம் உண்டு. அந்தப் பகுதிகளை வெளிச்சத்தில் கடக்கிற மாதிரி நேரத்தைக் கணக்குப் போடுங்கள்.

படி 5: கடைசி வாரத்தில் வானிலை அறிக்கையைப் படியுங்கள்

வளிமண்டலவியல் திணைக்களம் தினமும் தமிழிலும் அறிக்கை வெளியிடுகிறது. அதில் இரண்டு இடத்தைத் தேடினால் போதும்.

ஒன்று, மாகாணங்களின் பெயர். "மேல், சப்ரகமுவ, மத்திய மாகாணங்களிலும் காலி, மாத்தறை மாவட்டங்களிலும்" என்று மழை சொன்னால் தென்மேல் காற்று நன்றாக வேலை செய்கிறது, கிழக்கு உங்களுக்குத் திறந்திருக்கிறது. "வடக்கு, வடமத்திய, கிழக்கு, ஊவா மாகாணங்களில்" என்று சொன்னால் தெற்கைப் பாருங்கள்.

இரண்டு, கடற்பரப்புப் பகுதி. பெரும்பாலானவர்கள் மீனவர்களுக்கான செய்தி என்று இதைத் தாண்டிவிடுகிறார்கள். நமக்குத்தான் அது முக்கியம். "புத்தளத்திலிருந்து கொழும்பு, காலி ஊடாக மாத்தறை வரை" என்கிற மாதிரிக் கரையைப் பிரித்துச் சொல்லி, எங்கே காற்று கூடும், எங்கே கொந்தளிப்பு என்று குறிப்பிடுவார்கள். நீங்கள் போகிற கரை அதில் கொந்தளிப்பு என்று வந்திருந்தால், வானம் வெளுத்திருந்தாலும் கடலில் இறங்க வேண்டாம்.

அடுத்தது மண்சரிவு எச்சரிக்கை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக அதை வெளியிடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் வெளியேறுங்கள். உங்கள் ஊருக்கு மட்டும் பார்த்தால் போதாது, வேன் போகிற பாதையில் உள்ள பிரிவுகளையும் பாருங்கள். செம்மஞ்சள் வந்தாலே நான் பயணத்தைத் தள்ளி வைக்கிறேன். வேனுக்குக் கொடுத்த அட்வான்ஸ் போனாலும் போகட்டும். வழியில் அவசரம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

படி 6: தண்ணீரில் கால் வைக்கும் முன்

கரைக்குப் போனதும் கொடியைப் பாருங்கள். சிவப்பும் மஞ்சளும் கலந்த இரண்டு கொடிகளுக்கு நடுவே குளிக்கலாம். முழுச் சிவப்பு என்றால் இறங்கக்கூடாது. கொடியே இல்லாத இடத்தில் மீன்பிடிக்கிற அண்ணன்மாரிடம் கேளுங்கள், மனசோடு சொல்வார்கள்.

அலை உடைந்து நுரைக்கிற இடங்களுக்கு நடுவில் ஒரு பாதை மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருமையாகத் தெரியும். முதல் தடவை வருகிறவர்கள் அதுதான் பாதுகாப்பான இடம் என்று நினைத்து அங்கே இறங்குவார்கள். உண்மையில் கரைக்கு வந்த தண்ணீர் திரும்பக் கடலுக்குள் ஓடுகிற வழி அதுதான். அதில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக்கூடாது, களைத்துப் போவீர்கள். கையை உயர்த்திக் கூப்பிட்டுக்கொண்டே மிதக்க வேண்டும். நீந்தத் தெரிந்தால் கரைக்குப் பக்கவாட்டாக நகர்ந்து அந்த ஓட்டத்திலிருந்து விலக வேண்டும்.

கிழக்கில் இன்னொரு விஷயம். கச்சான் என்றால் நமக்குக் கடலைதான் ஞாபகம் வரும். மட்டக்களப்பில் அது காற்றின் பெயரும்கூட. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து வீசுகிற சூடான காற்று அது. நம் மலையைத் தாண்டி வருகிற அதே தென்மேல் காற்றுதான். அது கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் தண்ணீர் கண்ணாடிபோல இருக்கும், அலையே தெரியாது. அந்த நேரத்தில் பிள்ளையைக் காற்றடைத்த டியூபில் உட்கார வைத்தால் நிமிடத்தில் தூரத்துக்குத் தள்ளிவிடும். டியூபை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 7: பை கட்டுவது

நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 1000 மீற்றர் இறங்கும்போதும் வெப்பம் ஏறக்குறைய 6.5 பாகை கூடும். பாட்டிமாருக்கும் குழந்தைகளுக்கும் இது ஒரே நாளில் வருகிற பெரிய மாற்றம். ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல், தொப்பி, மெல்லிய பருத்தி உடுப்பு, உடம்பில் நீர் குறைந்தால் கரைத்துக் குடிக்கிற ஜீவனி பக்கெட் இரண்டு மூன்று. காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை நிழலில் இருங்கள். வளைவுப் பாதையில் வாந்தி வருகிறவர்களுக்குத் தேசிக்காய் ஒன்று, வெறும் பை நாலைந்து.

அப்புறம், ஸ்வெட்டர்களைத் தனிப் பையில் போட்டு வேனின் பின்பக்கத்தில் வைக்காமல் சீட்டுக்குக் கீழேயே வையுங்கள். திரும்பி வருகிற இரவில் கினிகத்தேனை ஏற்றம் தொடங்கும்போது பிள்ளைகள் உப்பு காய்ந்த மெல்லிய உடுப்போடு தூங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களை எழுப்பாமல் போர்த்திவிட அது கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும்.