முதலில் மூடியைத் திறக்கப் பழக்குங்கோ

போன தை மாதம் மூத்தவள் முதலாம் தரத்துக்குப் போன இரண்டாம் நாள், சாப்பாட்டுப் பெட்டி கொண்டுபோனபடியே திரும்பி வந்தது. குழல் பிட்டு, முட்டைப் பொரியல், ஒரு கதலி வாழைப்பழம். ஒன்றிலும் கை படவில்லை.

"பசிக்கேல்லையோ பிள்ளை?"

"பசிச்சது அப்பா. திறக்கேலாமப் போச்சு."

"ரீச்சரிட்டக் குடுத்திருக்கலாமே?"

"ரீச்சர் எழுதிக்கொண்டு இருந்தவ."

நாலு பக்கமும் கிளிப் போட்ட பெட்டி அது. கடைக்காரர் தண்ணி ஊற்றித் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார், ஒரு சொட்டும் ஒழுகவில்லை. அதில் மயங்கித்தான் வாங்கினேன். குழம்பை வெளியே விடாத மூடி, ஐந்து வயதுக் கையை உள்ளேயும் விடாது என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

எங்கள் வீட்டில் சாப்பாடு கட்டுவது என் வேலை. மனிசிக்கு காமன்ற்றில், அதுதான் உடுப்புத் தைக்கிற தொழிற்சாலையில் வேலை, காலை ஐந்தரைக்கெல்லாம் பஸ் ஒழுங்கைக்கு வந்துவிடும். எனக்குக் கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் கீழ் கொஞ்ச வயல். பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரமும் காலபோக வெட்டு நெருங்குகிற நேரமும் ஒன்றுதான். நெல் வெட்டுகிற மெசின்காரனைப் பிடிப்பதா, பிள்ளைக்கு ரொட்டி சுடுவதா என்று ஓடின அந்த முதல் மாதத்தில் விட்ட பிழைகளைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த வருசம் பிள்ளையை விடப்போகிறவர்களுக்கு உதவும்.

பெட்டி வாங்கும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோ. கடையிலேயே அவளின் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கோ. ஒருதரம் திறந்தால் போதாது, ஐந்தாறு தரம். வீட்டுக்கு வந்து கையை நனைத்துவிட்டும் திறக்க வையுங்கோ. பள்ளிக்கூடத்தில் பைப்படியில் கை கழுவிவிட்டு வருகிற பிள்ளைக்கு ஈரக் கைதான் இருக்கும், துடைக்கிற பழக்கம் ஐந்து வயதில் யாருக்கும் இல்லை. நான் பிறகு வாங்கினது ஒரே ஒரு கிளிப் உள்ள, தட்டையான, அகலமான பெட்டி. ஆழமான பெட்டியில் அடியில் கிடப்பதைப் பிள்ளை காணாது. கிளிப்பை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது என்பதற்கு மனிசியின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். அந்தப் பொட்டுத்தான் பிரச்சினையைத் தீர்த்தது.

பெயரை மார்க்கரால் எழுதினால் இரண்டு கிழமையில் கழுவுப்பட்டுப் போய்விடும். நகப்பூச்சால் எழுதினது இன்னும் நிற்கிறது. பெட்டியில் மட்டும் எழுதாமல் மூடியிலும் எழுதுங்கோ. நான் பெட்டியில் மட்டும் எழுதினேன்.

ஒரே வகுப்பு என்றாலும் எல்லாப் பிள்ளையின் கையும் ஒன்றல்ல. தை (ஜனவரி) 31ஆம் திகதிக்கு ஐந்து வயது முடிந்திருந்தால் முதலாம் தரத்தில் சேர்க்கலாம். ஆகவே நேற்று ஐந்து முடிந்த பிள்ளையும் ஆறை எட்டிப் பிடிக்கிற பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முன்பள்ளியில் ரீச்சர் பக்கத்தில் இருந்து பெட்டி திறந்து, தண்ணிப் போத்தல் திருகி, வாயும் துடைத்துவிட்டிருப்பா. இங்கே முப்பது பிள்ளைக்கு ஒரு ரீச்சர். அவவைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்தது நேரம். காலை ஏழரைக்குப் பள்ளிக்கூடம் தொடங்கும். இடைவேளை எத்தனை மணிக்கு, எத்தனை நிமிசம் என்று முதல் நாளே கேட்டு வையுங்கோ. எங்களுடையதில் பத்தரை மணிவாக்கில். அந்த நேரத்துக்குள் கை கழுவ வரிசை, மூத்திரம் பெய்ய வரிசை, பிறகு வேப்பமரத்தைச் சுற்றி ஓடவும் வேணும். கூட்டிக் கழித்தால் சாப்பிடப் பத்து நிமிசம் மிஞ்சும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே பெட்டியில் அதே சாப்பாட்டைப் போட்டு, திண்ணையில் இருத்தி, மணிக்கூட்டைப் பார்த்தேன். ஊட்டவும் இல்லை, "சாப்பிடு சாப்பிடு" என்று சொல்லவும் இல்லை. பத்து நிமிசத்தில் என் ஒரு கைப்பிடி அளவுதான் போனது. நான் கட்டிக்கொண்டிருந்தது அதைப்போல மூன்று மடங்கு! அன்றிலிருந்து பெட்டிக்குள் ஒரு பிடிதான். மிச்சப் பசிக்குக் காலையில் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகவேணும். அதற்கு இரவு வேளைக்குப் படுக்கவேணும். அது வேறு சண்டை.

பல பள்ளிக்கூடங்களில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு அரசாங்கச் சத்துணவு சமைத்துக் கொடுக்கிறார்கள். உங்களுடையதிலும் இருந்தால் என்ன நாளில் என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கோ. அப்படியான நாளில் பெட்டிக்குள் இரண்டு பழத்துண்டு போதும். இரண்டு சாப்பாட்டையும் முன்னுக்கு வைத்தால் பிள்ளை இரண்டையும் அளைந்துவிட்டு எழும்பும்.

சூட்டோடு மூடக்கூடாது. நான் முதலில் விட்ட இன்னொரு பிழை இது. நீத்துப்பெட்டியால் கொட்டின பிட்டை அப்படியே போட்டு மூடினேன். ஆவி மூடியில் பட்டுத் தண்ணியாகி, திரும்பப் பிட்டுக்குள்ளேயே சொட்டி, பத்தரைக்குள் களியாகிவிட்டது. அதோடு எங்கள் வெக்கையும் சேர வேணும். வைகாசி, ஆனியில் கச்சான் காத்து என்கிற வறண்ட தென்மேல் காத்து அடிக்கத் தொடங்கினால் தகரக் கூரை வகுப்பறையில் புத்தகப்பையே சுடும். சமைத்த சாப்பாட்டில் கிருமி பெருகுவது 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில். ஆறு மணிக்குக் கட்டினது பத்தரைக்குத் திறபடும் என்றால் நாலரை மணித்தியாலம் அதற்குள்தான் கிடக்கிறது. ஆகவே தாம்பாளத்தில் பரப்பி, விசிறி, நன்றாக ஆறினபிறகு மூடுங்கோ. ராத்திரிக் கறி, தேங்காய்ப்பால் விட்ட கறி, பச்சைத் தேங்காய்ச் சம்பல் மூன்றும் எங்கள் பெட்டிக்குள் போவதில்லை. சம்பல் இல்லாத பிட்டா என்று மாமி கேட்டா. "வீட்டில சம்பலோட, பள்ளிக்கூடத்தில சம்பல் இல்லாம" என்றேன். "என்னவோ தம்பி, நாங்கள் பிள்ளை வளக்கேல்லையாக்கும்" என்றுவிட்டுப் போய்விட்டா.

பிட்டு எங்கள் வீட்டில் விடமுடியாத சாமான். ஆனால் உதிர்ந்த பிட்டு ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சரிவராது. பாதி சட்டையில், பாதி வாங்கில், எறும்புக்கு நல்ல விருந்து. அதனால் உருண்டையாக்கினேன். சிவப்பரிசி மாப் பிட்டு இளஞ்சூட்டில் இருக்கும்போதே நன்றாகப் பழுத்த வாழைப்பழம் அரைவாசியைப் பிசைந்து, கொஞ்சம் பனங்கட்டி சுரண்டிப் போட்டு, தேசிக்காய் அளவில் அமர்த்திப் பிடிக்கிறது. அமர்த்திப் பிடிக்கவேணும், இல்லாவிட்டால் பஸ் குலுக்கலில் பிரிந்துவிடும். பழம் கூடினால் களி, குறைந்தால் உதிரும். மூன்றாம் நாள்தான் கைக்கு வந்தது. அவளுக்கு நாலு உருண்டை. பழம் கொஞ்சம் கறுக்கும். முதல் நாள் "இதென்ன ஊத்தையா?" என்று கேட்டாள். கறுப்புக்குக் காரணம் சொல்லி, அவளையே இரண்டு உருண்டை பிடிக்க வைத்தபிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

என்னைக் கேட்டால் பள்ளிக்கூடப் பெட்டிக்கு ரொட்டியை மிஞ்ச ஒன்றும் இல்லை. நான் படிக்கப் போனது தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்காலம். மண்ணெண்ணெய்க்குப் பஞ்சம், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் அம்மா ரொட்டி சுட்டு, வாட்டின வாழையிலையில் சுற்றித் தருவா. உள்ளே சீனி இருந்தால் அன்றைக்குப் பெருநாள். ஆனால் அந்த ரொட்டி பத்து மணிக்குச் செருப்புத் தோல் மாதிரி இருக்கும், இழுத்து இழுத்துக் கடிப்போம். இப்பத்தைப் பிள்ளை அதைக் கடிக்காது. கடிக்கவும் தேவையில்லை.

மெதுமையாக வர: சுண்டு என்கிற அளவுப் பேணியால் ஒரு சுண்டு கோதுமை மாவுக்கு அரைச் சுண்டு தேங்காய்ப்பூ, உப்பு, ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய். பச்சைத்தண்ணி விடாமல் இளஞ்சூட்டுத் தண்ணி விட்டுக் குழையுங்கோ. கையில் கொஞ்சம் ஒட்டுகிற பதத்தில் நிப்பாட்டி, மூடி வைத்துவிட்டுப் போய் பிள்ளையை எழுப்புங்கோ. எழுப்பி முடியக் கால் மணித்தியாலம் போயிருக்கும், மாவுக்கும் அதுதான் தேவை. காரட் துருவலும் பொடியாக அரிந்த முருங்கையிலையும் சேர்க்கலாம். முருங்கையிலையைக் கண்ணில் தெரியாத அளவுக்கு அரியுங்கோ, தெரிந்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து மூடியில் ஒட்டி வைத்துக்கொண்டு வருவாள். சின்ன விரல் தடிப்பில் தட்டி, மெல்லிய நெருப்பில் மூடிச் சுடுங்கோ. நெருப்புக் கூடினால்தான் தோலாகிறது. சுட்ட உடன் துணியால் போர்த்தி வைத்து, ஆறினபிறகு விரல் அகலத்தில் நீட்டு நீட்டாக வெட்டுங்கோ. முழு ரொட்டியைக் கொடுத்தால் பிய்க்கத் தெரியாமல் நடுவில் கடித்துவிட்டு வைத்துவிடும். அதையே வெட்டிக் கொடுத்தால் விளையாடிக்கொண்டும் தின்னும்.

சோறு கிழமையில் ஒரு நாள். கட்டியான பருப்போடு பிசைந்து உருட்டிக் கொடுத்தால் சரி. பருப்பைத் தேங்காய்ப்பால் விடாமல் வற்ற வைக்கவேணும். அவித்த பயறு சரிவரும், பனங்கட்டி போட்டால் இன்னும் சரி. முட்டை அவித்துக் கோது உரித்து நாலாக வெட்டிவிடுங்கோ. கோதோடு கொடுத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். மீன் என்றால் முள் இல்லாத சுறா வறை. ஆனால் பெட்டி மணக்கும், பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பொத்தும், உங்கள் பிள்ளை பிறகு வாழ்நாளுக்கும் மீன் வேண்டாம் என்னும். வெள்ளிக்கிழமை எங்கள் வகுப்பில் பாதிப் பேர் மரக்கறி, ஆகவே அன்றைக்கு முட்டையும் வைப்பதில்லை.

கச்சானை, அதாவது நிலக்கடலையைப் பற்றி ஒரு வார்த்தை. முறிகண்டிக் கோயிலடியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் வாங்காமல் பஸ் ஏறின ஆள் இருக்காது, எங்கள் வீட்டிலும் எப்பவும் ஒரு சுருள் கிடக்கும். ஆனால் முழுக் கச்சானைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடாதேங்கோ. ஓடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் தின்கிற வயது, மூச்சுக்குழலுக்குள் போனால் பக்கத்தில் எடுக்க ஆள் இல்லை. வறுத்துத் தோல் புடைத்து, உரலில் இடித்து, பனங்கட்டியோடு உருண்டையாகப் பிடித்துக் கொடுங்கோ. எள்ளும் அப்படித்தான். அதற்கு முதல் ரீச்சரிடம் ஒரு சொல் கேளுங்கோ, கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளை வகுப்பில் இருக்கலாம், இவர்களோ ஒருவர் வாயில் இருப்பதை மற்றவர் வாங்கித் தின்பவர்கள். திராட்சைப்பழம் கொடுத்தால் நீட்டுக்குப் பாதியாக வெட்டுங்கோ. குறுக்கே வெட்டினால் அந்த வட்டம் அப்படியே தொண்டையை அடைக்கும்.

தண்ணிப் போத்தலுக்கும் மூடிப் பரீட்சை உண்டு. பெரிய போத்தல் வாங்காதேங்கோ, ஒரு லீற்றர் தண்ணி ஒரு கிலோ. புத்தகப்பையோடு சேர்த்துப் பாருங்கோ. கொதித்தாறின தண்ணி, அரை லீற்றருக்குள். உறிஞ்சுகுழாய் வைத்த போத்தலின் குழாய்க்குள் பாசி பிடிக்கும், மெல்லிய பிரஷ் இல்லாவிட்டால் அதை வாங்கவே வேண்டாம். சாப்பாட்டுப் பெட்டியின் ரப்பர் வளையத்தையும் கிழமைக்கு ஒருக்கால் கழற்றிப் பாருங்கோ. நான் முதல் தரம் கழற்றினபோது கண்டதை இங்கே எழுதவில்லை.

பக்கத்து வீட்டுப் பெடியன் ஒவ்வொரு நாளும் கிறீம் பிஸ்கற்றும் மீன் வைத்த மாலு பணிசும் கொண்டுபோகிறான். "எனக்கும்" என்று இவள் நின்றாள். மாட்டேன் என்று சொல்லவில்லை. புதன்கிழமைக்கு இரண்டு பிஸ்கற் என்று பேசித் தீர்த்தோம். இப்போது அவளுக்குக் கிழமையின் நாட்கள் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், புதனில் இருந்து எண்ணுவாள்.

பெட்டி மிச்சத்தோடு வந்தால் வாசலிலேயே விசாரணை வைக்காதேங்கோ. நான் வைத்தேன். அதன்பிறகு மிச்சத்தை வழியில் நாய்க்குப் போட்டுவிட்டு வெறும் பெட்டியைக் கொண்டுவரத் தொடங்கினாள். நாய் வீடுவரைக்கும் பின்னாலே வந்ததில்தான் பிடிபட்டாள். இப்போது "ஏன் சாப்பிடேல்ல" என்று கேட்பதில்லை. "இண்டைக்கு யாரோட இருந்து சாப்பிட்டனீ?" என்று கேட்பேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் எது காய்ந்திருந்தது, எது உறைத்தது, யார் எதைப் பறித்தது எல்லாம் தானாக வரும்.

நேற்றுப் பெட்டி வெறுமையாக வந்தது. நாயும் வரவில்லை. ஆனால் எங்கள் பச்சைப் பெட்டியில் ஒரு நீல மூடி.

"இது யாற்ற மூடி பிள்ளை?"

"தெரியாது அப்பா. நான் நாலு பேருக்குத் திறந்து குடுத்தனான்."

இரவே நகப்பூச்சை எடுத்து வைத்திருக்கிறேன். எங்கள் மூடி திரும்பி வந்த உடனே பெயர் எழுதவேணும்.