சக ஆசிரியரின் வகுப்பில் உட்கார்ந்து கவனிப்பது எப்படி?

எங்கள் நடுநிலைப் பள்ளியில் ஒருவர் பாடம் நடத்துவதை இன்னொருவர் போய்ப் பார்க்கும் பழக்கம் இப்போது நன்றாகப் படிந்துவிட்டது. புதிதாகத் தொடங்குபவர்களுக்காக இந்தப் பதிவு.

1. கால அட்டவணையில் உங்கள் ஓய்வுப் பாடவேளை யார் வகுப்போடு பொருந்துகிறதோ, அவரோடு ஜோடி சேருங்கள். ஒரே பாடமாக இருக்க வேண்டியதில்லை. குறிப்புகள் எந்தப் பதிவேட்டுக்கும் போகாது என்று தலைமையாசிரியரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

2. எதைப் பார்க்க வேண்டும் என்பதை வகுப்பெடுப்பவரே சொல்லட்டும். "பின்னக் கூட்டலில் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள்?" என்பதுபோல ஒரே ஒரு கேள்வி போதும்.

3. குறிப்பெடுப்பதுதான் பலரும் சிக்கிக்கொள்ளும் இடம். கடைசி பெஞ்சில் உட்காராதீர்கள், அங்கிருந்து தலைகள்தான் தெரியும். முன்பக்க ஓரமாக, பிள்ளைகளின் முகமும் நோட்டும் தெரிகிற இடத்தில் உட்காருங்கள். ஆசிரியரை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பாருங்கள். "வகுப்பு உற்சாகமாக இருந்தது" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "10.20: மூன்றாம் பெஞ்ச் பையன் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதினான், பக்கத்து நோட்டைப் பார்த்து அழித்தான்" என்று எழுதுங்கள். கரும்பலகைப் பக்கம் நிற்பவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

கேள்வி கேட்டபின் ஆசிரியர் எத்தனை விநாடி காத்திருக்கிறார் என்பதையும் குறியுங்கள். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே இதை ஆராய்ந்தார். ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன.

கருவி என்றால் எனக்குக் கோடு போட்ட நோட்டும், அதில் வரைந்த இருக்கைப் படமும்தான். யாரிடம் கேள்வி போகிறதோ அந்த இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளியே விழாத மூலை தானாகத் தெரியும். செல்போனில் வீடியோ எடுக்க வேண்டாம், பிள்ளைகளின் கவனம் அதன்மேல்தான் போகும். மதிப்பெண் போடும் படிவங்களும் வேண்டவே வேண்டாம். மதிப்பெண் வந்தால் பயமும் கூடவே வந்துவிடும்.

4. அன்றைக்கே பேசிவிடுங்கள். வகுப்பெடுத்தவர் முதலில் பேசட்டும். அப்புறம் நீங்கள் குறிப்பை வாசியுங்கள். "அந்தப் பையன் ஏன் அப்படி எழுதினான்னு நினைக்கிறீங்க டீச்சர்?" என்று கேளுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். அடுத்த வாரம் அவர் உங்கள் வகுப்புக்கு வரட்டும்.

பின்சேர்க்கை: ஈராசிரியர் பள்ளியில் என்ன செய்வது என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். நியாயமான சிக்கல், அங்கே ஓய்வுப் பாடவேளையே கிடையாது. இரண்டு வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்து ஒருவர் கதையோ கணக்கு விளையாட்டோ நடத்தலாம், மற்றவர் பார்க்கலாம். இருபது நிமிடம் கிடைத்தாலும் போதும்.