தகட்டில் இருக்கும் ஆண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு அமைச்சர்களின் செப்புத்தகட்டு உருவப்படங்களை, அதாவது செம்புத் தகட்டில் செதுக்கித் தாளில் அச்சிட்ட படங்களை, வாங்க வருகிற புதியவர்கள் எல்லாரும் அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். கறை, கிழிசல், பூச்சி அரித்த ஓட்டை யார் கண்ணுக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடலாம்.

1660 என்றிருந்தால் 1660இல் அச்சானது என்று நினைப்பது

பிலிப் த ஷாம்பேன் தீட்டிய ஓவியத்தை வைத்து ரொபேர் நான்தேய் 1660இல், பின்னாளில் பதினான்காம் லூயியின் அமைச்சரான கொல்பேரின் முகத்தைச் செதுக்கினார். இப்படிப்பட்ட படத்தின் அடியில் இருக்கும் ஆண்டு, தகடு செதுக்கப்பட்ட ஆண்டு. உங்கள் கையில் இருக்கும் தாள் என்றைக்கு அச்சானது என்று அது சொல்லாது. தகடு இருக்கும்வரை மை பூசிப் படி எடுத்துக்கொண்டே இருக்கலாம். 1797இல் தொடங்கிய லூவ்ர் செப்புத்தகட்டு அச்சகம் பழைய தகடுகளிலிருந்து இன்றும் படி எடுத்து விற்கிறது. இவ்வளவு தெரிந்த பிறகும் ஆண்டை மட்டும் பார்த்து, தகடு புதிதாக இருந்தபோது எடுத்த முதற்படிக்கான விலையைக் கொடுப்பவர்களைக் கண்டால் எரிச்சல்தான் வருகிறது.

முகத்தைப் பாருங்கள். நான்தேய் கன்னத்தையும் நெற்றிப்பொட்டையும் குட்டைக் கீறல்களாலும் புள்ளிகளாலும் உருவாக்கினார். அவை ஆழமில்லாத வெட்டுகள். செம்பு மென்மையானது, ஒவ்வொரு படிக்கும் தகட்டைத் துடைத்து உருளையில் அழுத்தும்போது ஆழமில்லாதவையே முதலில் தேயும். பத்து மடங்கு லென்ஸில் நல்ல படியில் புள்ளிகள் கன்னத்திலிருந்து தாடைவரை அறுபடாமல் இறங்கும். தேய்ந்த படியில் கன்னம் வெறும் வெள்ளையாகிவிடும், அங்கியின் கறுப்பு மட்டும் மிஞ்சும். தாடையோரம் திடீரென்று தடித்த கோடுகள் தெரிந்தால், தேய்ந்த தகட்டைப் பின்னாளில் யாரோ திரும்பச் செதுக்கியிருக்கிறார்கள்.

அடுத்து, தாளை வெளிச்சத்தில் பிடியுங்கள். அக்காலத் தாளில் நெருக்கமான கம்பி வரிகளும், அவற்றுக்குக் குறுக்கே இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சங்கிலி வரிகளும் தெரியும். வரியே இல்லாத தாள் 18ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் வந்தது. நான்தேய் இறந்தது 1678இல். ஆகவே வரியில்லாத தாள் என்றால் சந்தேகமே வேண்டாம், பிற்காலப் படி. வரி இருப்பதால் மட்டும் பழசு ஆகிவிடாது. அந்த வகைத் தாளை இப்போதும் செய்கிறார்கள்.

ஓவியரையும் செதுக்கியவரையும் குழப்புவது

படத்தின் அடியில் பெயர்களோடு இருக்கும் லத்தீன் சொற்களைப் படியுங்கள். 'பின்க்ஸிட்' ஓவியர், 'ஸ்கல்ப்ஸிட்' செதுக்கியவர், 'எக்ஸ்குடிட்' வெளியிட்டவர். 'அத் வீவும்' என்றிருந்தால் ஆளை நேரில் பார்த்து வரைந்தது.

ஓரத்தை வெட்டுவது

வெட்டாதீர்கள். படத்தைச் சுற்றித் தாளில் தகடு அழுந்திய பள்ளம் போனால் முக்கியமான சாட்சி போயிற்று.

பிளீச்

கறையைப் போக்க இது வேண்டவே வேண்டாம்.

செல்லோடேப் ஒட்டிச் சட்டம் போடுவது

பசை மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும். மேல் இரு மூலைகளில் மட்டும் ஜப்பானியத் தாள் துண்டைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டி, அமிலமற்ற அட்டையில் தொங்கவிடுங்கள். கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது.