நண்பர்கள் திறக்கும் கடையில் ஒரு காதல்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுநகரத்தில் நண்பர்கள் மூவர் சேர்ந்து உணவகம் தொடங்குகிறார்கள். அவர்களில் இருவருக்குள் காதல் அரும்புகிறது. இப்படியொரு நாவல் எழுத உட்காருபவர்கள் முதலில் செய்யும் தவறு, கடையை வெறும் பின்னணியாக வைப்பது. அதைத் துணிக்கடையாக மாற்றினாலும் கதை அப்படியே நிற்கும் என்றால், உணவகம் எதற்கு?

கடையின் நேரத்தைப் பாருங்கள். விருதுநகரில் எண்ணெய் பரோட்டா போடும் கடை என்று வைத்துக்கொள்வோம். மதியமே மைதா பிசைந்து ஊறவைக்க வேண்டும். சால்னா கொதிக்க வேண்டும். மாலையில் தொடங்கும் கூட்டம் இரவு வரை ஓயாது. ஏழு மணிக்கு இருவரும் தெப்பக்குளக் கரையில் உட்கார்ந்து பேசினால் எந்த வாசகர் நம்புவார்? மாவு ஊறும் இடைவெளியும், ஷட்டரை இறக்கிவிட்டுக் கல்லாவை எண்ணும் நேரமும்தான் அவர்களுக்கு வாய்ப்பவை. புரட்டாசியில் அசைவ வியாபாரம் படுத்துவிடும், வாடகை நிற்காது. அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே பாதி நாவல் இருக்கிறது.

பணத்தைப் பற்றி வாய் திறக்காமல் எழுதுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. நட்பை நம்பி, பங்கைப் பற்றிப் பேசாமலே தொடங்குவார்கள். அப்போது 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி லாபமும் நட்டமும் சமபங்கு. ஒருத்தி நகையை அடகு வைத்துக் கூடுதல் முதல் போட்டிருந்தாலும், ஒருவன் நாள் முழுதும் அடுப்படியில் வெந்தாலும் லாபப் பங்கு மாறாது. உழைத்ததற்குத் தனிச் சம்பளமும் கேட்க முடியாது. கடைக்காக ஒருவர் வாங்கும் கடன் மூவர் தலையிலும் விழும். காலவரையறை பேசாத கூட்டு என்றால், ஒருவர் எழுத்து மூலம் அறிவித்தே அதைக் கலைத்துவிடலாம். காதல் முறிந்தால் கடை முறியும். மூன்றாவது நண்பனின் முதலும் சிக்கிக்கொள்ளும். இவ்வளவு வலுவான தடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, வெளியூரிலிருந்து பணக்கார மாப்பிள்ளையை ஏன் இறக்க வேண்டும்?

ஊரை ஒரே குரலில் வம்பு பேச வைக்காதீர்கள். பால்காரர், கட்டட உரிமையாளர், கடன் சொல்லிச் சாப்பிடுபவர் ஆகிய ஒவ்வொருவருக்கும் அந்தக் கடையோடு தனிக் கணக்கு உண்டு. சாதியைத் தொடாமல் நழுவுவதும் நேர்மையல்ல. வாடகைக்கு இடம் கேட்கும் முதல் நாளிலேயே அது எதிரே வந்து நிற்கும்.

பரோட்டா மாஸ்டரைச் சிரிப்புக்காக மட்டும் வைப்பதும் வீண். முன்பணம் வாங்கிய மாஸ்டர் கூட்டம் மிகுந்த நாளில் வராமல் போனால், கல்லின் முன் யார் போய் நிற்கிறார்? காதல் வசனங்களில் கை வைப்பதற்கு முன் அந்தக் காட்சியை எழுதிவிடுங்கள்.